மீத்திறன் மாணவர் கல்வி: முதுநிலைப் படிப்பு (பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி)

வகுப்பின் வேகத்தை மிஞ்சும் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையைப் பயிலும் துறை. லீட்டா ஹாலிங்வொர்த், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் நூறாண்டுக்கு முன்பே இதைப் பாடமாக நடத்தினார். இந்தியாவில் 1962-இல் புனேயில் தொடங்கிய ஞான பிரபோதினி கல்வி நிறுவனம் இதில் முன்னோடி.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, பீர்மேடு வட்டாரத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு இத்துறைக்கு வர வழக்கமான வழி, பி.எட்.டுக்குப் பின் எம்.எட். பாலக்காடு கோழிக்கோடு பல்கலைக்கழக எல்லையிலும், இடுக்கி மகாத்மா காந்தி பல்கலைக்கழக எல்லையிலும் வரும்.

கேரளத்தில் திறமையைக் கண்டறியும் பழகிய வாயில்கள், நான்காம் வகுப்பில் எல்.எஸ்.எஸ்., ஏழாம் வகுப்பில் யு.எஸ்.எஸ். என்று அறியப்பட்டு வந்த உதவித்தொகைத் தேர்வுகள். தேர்வில் தேறுவது வேறு, மீத்திறன் வேறு. தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளை அந்த இரு தேர்வுகளிலும் விடுபடலாம். கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978-இல் முன்வைத்த மூவளையக் கொள்கை சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், விடாமுயற்சி மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. வகுப்பறையில் அவர் வழி எளிது: பின்னப் பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சிறு தேர்வு. ஏற்கெனவே தெரிந்த மாணவிக்கு அதே பயிற்சிக் கணக்குகள் வேண்டாம். அந்த நேரத்தில் தோட்டத்துக் கொழுந்து எடைக் கணக்கைத் தானே ஆராயட்டும்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிகளின்படி எம்.எட். இரண்டாண்டுப் படிப்பு; ஆய்வேடு கட்டாயம்.