தோல் புரதத்தில் பிணையும் புற்றூக்கிகள்

புற்றுநோயைத் தூண்டும் சில வேதிப்பொருள்கள் தோலின் புரதங்களோடு, கழுவினாலும் பிரியாத வேதிப்பிணைப்பில் சேர்கின்றன. இது 1951இல் சுண்டெலித் தோலில் நிறுவப்பட்டது.

தோலுக்கும் கரிக்கும் உள்ள உறவு அதற்கும் பழையது. புகைபோக்கி துடைப்பவர்களின் விதைப்பைப் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். 1915இல் ஜப்பானின் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றை உண்டாக்கினர். 1933இல் லண்டன் ஆய்வாளர்கள் சுமார் இரண்டு டன் தார்க்கீலிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தனர். நஞ்சு எது என்று தெரிந்தது. அது உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்பது தெரியவில்லை.

வழி திறந்தது கல்லீரலில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதி, எலிகளுக்கு அசோ சாயம் ஊட்டி, அது கல்லீரல் புரதங்களில் பிணைந்திருப்பதை 1947இல் கண்டனர். அந்தக் கல்லீரலில் வளர்ந்த கட்டியிலோ பிணைந்த சாயம் அநேகமாக இல்லை. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரதங்களைச் சாயம் முடக்குவதால், அவற்றை இழந்த உயிரணு கட்டுமீறிப் பெருகுகிறது என்று அவர்கள் கருதினர். 1951இல் எலிசபெத் மில்லர் சுண்டெலியின் மேல்தோலில் பென்சோபைரீனைப் பூசிப் பார்த்தபோது, அங்கும் ஒரு பகுதி புரதத்தோடு ஒன்றியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பர்கர் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சேர்மங்களால் இப்பிணைப்பை அளந்தார். வீரியமிக்க புற்றூக்கிகள் சுண்டெலித் தோலின் கரையும் புரதங்களில் குறிப்பிட்ட ஒரு பிரிவை நாடுவதை 1962இல் அவர் குழு காட்டியது.

1964இல் திசை மாறியது. லண்டனில் பீட்டர் புரூக்ஸும் பிலிப் லாலியும் பென்சோபைரீன் உள்ளிட்ட பல ஹைட்ரோகார்பன்களைச் சுண்டெலித் தோலில் பூசி ஒப்பிட்டனர். புற்றூக்கும் வீரியம் டிஎன்ஏவோடு பிணையும் அளவை ஒட்டியே கூடிக் குறைந்தது. புரதப் பிணைப்பில் அந்த ஒழுங்கு இல்லை. மரபணு மாற்றமே நோயின் தொடக்கம் என்ற கருத்து அதன்பின் வலுத்தது.

அதற்காகப் புரத ஆய்வை வீண்முயற்சி எனத் தள்ளுவது அநீதி. பிணைப்பு எப்படி நேர்கிறது என்ற கேள்வியை எழுப்பியது அதுவே. பென்சோபைரீன் தன்னளவில் எதனோடும் இவ்வாறு பிணைவதில்லை. உடலின் நொதிகள் அதை வெளியேற்ற முயலும்போதே, எலக்ட்ரானை நாடும் துடிப்பான வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. பல புற்றூக்கிகளுக்கும் பொதுவான இந்த இயல்பை வகுத்துச் சொன்னவர்களும் மில்லர் தம்பதியே. பென்சோபைரீனைப் பொறுத்தவரை, டிஎன்ஏவைத் தாக்கும் அவ்வடிவம் டயால் எபாக்சைடு என்பது 1974இல் தெரியவந்தது.

புரதப் பிணைப்பு இன்று அளவுகோலாகப் பயன்படுகிறது. டிஎன்ஏவில் ஏற்பட்ட பழுதை உயிரணு பெரும்பாலும் சீர்செய்துவிடும். இரத்தத்தின் ஹீமோகுளோபினில் பிணைந்தது, நிலையானதாயின், சிவப்பணு வாழும் சுமார் 120 நாளும் அதில் தங்கும். ஆலைத் தொழிலாளரின் உடலில் எத்திலீன் ஆக்சைடு எவ்வளவு சேர்ந்தது என்பதை இவ்வாறு இரத்தத்திலிருந்தே கணக்கிடுகிறார்கள்.