முதுகில் விழுந்த கற்கள்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஞாபகமாக எழுந்த செங்கல் மண்டபத்தில், 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் தேதி ஒரு சபை கூடிற்று. நாடகங்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் பழகிப்போன அந்த மண்டபத்தில் அன்று எல்லாருடைய கண்களும் சென்று நின்றது, நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்து, அவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தமையால் மலையாளத்தில் படிப்பைத் தொடங்கி, பின்னர்த் தமிழைத் தாமே தேடிச் சென்று கற்ற, முப்பத்திரண்டு வயதுடைய கா. ப. செய்குத்தம்பிப் பாவலர்மீது. அன்று அவர் செய்துகாட்டியது சதாவதானம். நூறு விஷயங்களை ஒரே சபையில் ஏற்று, ஒன்றையும் நழுவவிடாமல், ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லி முடிப்பது. ‘சதாவதானி’ என்னும் பட்டம் அதன்பின் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று அந்தப் பட்டத்தைச் சொன்னால்தான் பலருக்கு ஆளே விளங்குகிறார்.

அவதானம் என்னும் வடசொல்லுக்குக் கவனம் என்பதே பொருள். எட்டைக் கவனிப்பது அட்டாவதானம், பதினாறைக் கவனிப்பது சோடசாவதானம், நூறு சதாவதானம். பிற்காலத்தார் இக்கலையைக் கவனகம் என்றும் செய்பவரைக் கவனகர் என்றும் தமிழாக்கினர், அழகான சொற்கள்தாம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புஸ்தக முகப்புகளைப் புரட்டுகிறவர்கள் சந்திப்பது பழைய பெயர்களையே. ‘வினோதரச மஞ்சரி’ எழுதியவர் அட்டாவதானம் வீராசாமி செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர்களில் ஒருவர் சோடசாவதானம் சுப்பராய செட்டியார். இக்காலத்தில் பெயருக்குப் பின்னால் பல்கலைக்கழகப் பட்டத்தைப் போடுவதுபோல அக்காலத்து வித்வான், தம்மால் எத்தனை விஷயங்களை ஒரே வேளையில் மனத்தில் நிறுத்த முடியும் என்பதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். கல்வி என்பது எவ்வளவு தெரியும் என்பதோடு எவ்வளவு நேரம் சிதறாமல் இருக்க முடியும் என்பதும் ஆகும் என்று ஒரு சமூகம் நம்பியதற்கு இதைவிட வேறு சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

சபையில் நடப்பது இதுதான். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் பெரிய எண்களைப் பெருக்கச் சொல்வார். ஒருவர் சதுரங்கப் பலகையோடு எதிரே உட்கார்ந்திருப்பார். மற்றொருவர் சொக்கட்டான் காயை உருட்டுவார். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இலாட சங்கிலியை அவதானியின் கைகள் கழற்றிக்கொண்டேயிருக்க, வாயோ இஷ்ட தெய்வத்தின் பெயரை இடைவிடாமல் சொல்லும். ஒருவர் ஒரு செய்யுளை எழுத்தெழுத்தாகக் குலைத்து, ‘பதினோராம் எழுத்து இது, நான்காம் எழுத்து இது’ என்று முறை மாற்றி, இடையிடையே வந்து சொல்லிவிட்டுப் போவார். கடைசியில் அவதானி அதை முழுச் செய்யுளாகக் கோத்துச் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு மணி அடித்துக்கொண்டிருக்கும். எத்தனை முறை அடித்தது என்பதும் கணக்கு. இத்தனைக்கும் நடுவில், பின்னாலிருந்து ஒருவர் முதுகின்மேல் சிறு கற்களை ஒவ்வொன்றாக எறிவார். அவற்றின் தொகையையும் முடிவில் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டவுடன், அவதானி ஒரே கணத்தில் எட்டையும் நூறையும் நினைக்கிறார் என்று நாம் வியக்கிறோம். எனக்கு அந்த வியப்பில் உடன்பாடில்லை. இந்தக் கலையின் உள்ளமைப்பைக் கூர்ந்து பார்த்தால் விஷயம் நேர்மாறாக இருக்கிறது. ஈற்றடி கேட்கும் கணத்தில் அவருக்குக் கணக்கு இல்லை; கணக்குக்குத் திரும்பும்போது வெண்பா இல்லை. ஒன்றை எடுத்தால் அதனிடம் முழு மனத்தையும் கொடுப்பது, விட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு வைப்பது, மறுபடி வரும்போது அந்த முடிச்சிலிருந்தே அவிழ்ப்பது: இதுவே அவருடைய அப்பியாசம். பார்க்கிறவர்களுக்கு அது நூறு கவனங்களாகத் தோன்றினும், செய்கிறவருக்கு ஒரே கவனம் நூறு வீடுகளுக்குப் போய்வருவதாகும். தபால்காரர் ஒரே வேளையில் எல்லா வாசலிலும் நிற்பதில்லை. ஆனால் எந்த வாசலையும் தவறவிடுவதில்லை.

அந்த முடிச்சுக்கு அவதானிக்குத் துணையாயிருந்தது யாப்பு. நேரிசை வெண்பா என்பது நான்கு அடிகள், பதினைந்து சீர்கள். இரண்டாம் அடியின் இறுதியில் ஒரு தனிச்சொல். ஈற்றடியில் மூன்றே சீர்கள். அவற்றுள்ளும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். எதுகை இரண்டாம் எழுத்தைக் கட்டிவைக்கிறது. மோனை முதல் எழுத்தைக் கட்டுகிறது. தளை ஒவ்வொரு சீரையும் அடுத்ததோடு பிணைக்கிறது. அளவெடுத்துச் செய்த பெட்டி இது. பாதி நிரப்பி மூடிவைத்துவிட்டுப் போனாலும், திரும்பி வந்து திறந்தால் எந்த அறை காலியாக இருக்கிறது என்பது உடனே தெரியும். வசனத்தில் அவதானம் செய்தவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

பாவலரைப் பற்றி நாஞ்சில் நாட்டில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை ஒன்று உண்டு. அவதான சபையொன்றில், இவர் இஸ்லாமியர் என்பதை உத்தேசித்து, ‘துருக்கனுக்கு’ என்று தொடங்கி, அவனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியை ஒருவர் வீசினாராம். மறுத்தால் தோல்வி, ஏற்றால் தர்மசங்கடம், சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாவலர் முந்தைய அடியில் பரதனையும் இலக்குவனையும் வரிசையாக நிறுத்தி, மூன்றாம் அடியின் முடிவில் ‘சத்’ என்னும் ஓர் அசையை மட்டும் வைத்தார். அவ்வளவுதான், துருக்கன் சத்துருக்கன் ஆனான், தம்பிக்குத் தமையன் துணை என்பதில் யாருக்கு ஆட்சேபம் இருக்க முடியும்! மதத்தின்மேல் எறிந்த கல்லை யாப்பினால் தட்டிவிட்ட இந்தச் சாமர்த்தியத்தைப் பலரும் பாராட்டுகிறார்கள். நான் நினைத்து நினைத்து வியப்பது வேறொன்றை: அந்தக் கல் விழுந்த வேளையில் முதுகிலும் கற்கள் விழுந்துகொண்டிருந்திருக்குமே, அவற்றின் எண்ணிக்கை தவறவில்லையே என்பதை.

ஆந்திர தேசத்தில் இக்கலை இன்னும் செழிப்பாக வளர்ந்தது. திவாகர்ல திருப்பதி சாஸ்திரி, செள்ளப்பிள்ள வேங்கட சாஸ்திரி என்னும் இருவர் திருப்பதி வேங்கட கவுலு என்னும் இரட்டைப் பெயரில் ஜமீன்தோறும் சமஸ்தானந்தோறும் சென்று அவதானம் செய்து, தெலுங்குக் கவிதைக்கே ஒரு புதிய ஊக்கத்தைக் கொடுத்தார்கள். இருவரில் இளையவரான திருப்பதி சாஸ்திரி 1920இல் காலமானார். மூத்தவர், நம் பாவலர் காலமான அதே 1950இல் மறைந்தார். தெலுங்கு அட்டாவதானத்தில் கேள்வி கேட்பவர்களுக்குப் பிருச்சகர் என்று பெயர். ஒருவர் பொருந்தாத நான்கு சொற்களைக் கொடுத்து அவற்றை வைத்துப் பாடச் சொல்வார். இன்னொருவர் அவதானி எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அடுத்து வரக்கூடும் என்று தாம் ஊகிக்கும் எழுத்தை விலக்கித் தடைபோடுவார். சுற்றுக்கு ஓர் அடியாக நான்கு சுற்றுகளில் பாடல்கள் நிறைவெய்தும். முடிவில் எல்லாவற்றையும் ஒருசேரத் திருப்பிச் சொல்வதற்குத் தாரணை என்று பெயர்.

இவர்களில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர் ஒருவர். அவருடைய உத்தியோகம் அப்பிரஸ்துதப் பிரசங்கம். அதாவது, சம்பந்தமில்லாமல் பேசுவது. அவதானி மூன்றாம் அடியில் எதுகை தேடிக்கொண்டிருக்கும் தருணம் பார்த்து, “சுவாமி, உங்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு?” என்பதுபோல் எதையாவது கேட்பார். அதற்கு அவதானி வாய்மூடி இருக்கக் கூடாது, கோபிக்கவும் கூடாது, சபை சிரிக்கும்படி பதில் சொல்லிவிட்டு, விட்ட சீருக்குப் போய்ச் சேர வேண்டும். கவனத்தைக் கலைப்பது என்னும் காரியத்துக்குச் சபையில் ஓர் ஆசனம் போட்டு, அதில் ஒரு ரசிகரை உட்கார வைத்து, அவருக்கும் மரியாதை செய்த முன்னோரின் சாதுரியத்தை என்னென்பது! கலைப்பவர் யார் என்று தெரியும். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். சபை கலைந்தால் அவரும் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். என் மேஜைமேல் கிடக்கும் கைபேசியும் அதே உத்தியோகத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் அது வீட்டுக்குப் போவதில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது அதை அடுத்த அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிருச்சகர் யாரும் கேட்காமலேயே இரண்டு முறை எழுந்து போய்த் திறந்து பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவதானத்தில் கைதேர்ந்த ஒருவர் அதை வேண்டாமென்று விட்டதும் உண்டு. குஜராத்தில் 1867இல் பிறந்த ராய்சந்த்பாய், பத்தொன்பது வயதில் பம்பாயில் சதாவதானம் செய்து பெரும் பிரக்யாதி பெற்றார். காந்தியடிகள் 1891இல் பாரிஸ்டர் பட்டத்தோடு சீமையிலிருந்து திரும்பியபோது, டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா இவரை அறிமுகம் செய்துவைத்தார். தமக்குத் தெரிந்த ஐரோப்பிய பாஷைகளின் சொற்களையெல்லாம் காந்தி அடுக்க, அப்பாஷைகளில் ஒன்றும் அறியாத ராய்சந்த்பாய் அவற்றைச் சொன்ன வரிசை பிசகாமல் திருப்பிச் சொன்னதைச் ‘சத்திய சோதனை’யில் படிக்கலாம். ஆனால் அச்சந்திப்புக்குச் சில வருஷங்களுக்கு முன்பே, ஆன்ம சாதனைக்கு இந்தப் புகழ் இடையூறு என்று கருதி, அவர் பொதுச் சபைகளில் அவதானம் செய்வதை நிறுத்தியிருந்தார். ரத்தின வியாபாரம் செய்தார். பெரிய பேரங்களை முடித்த கையோடு பக்கத்திலிருந்த சமய நூலையோ குறிப்பேட்டையோ திறந்துவிடுவார். காந்தியை ஆட்கொண்டது இதுவே. சொற்களை ஒப்பித்த வித்தையில் தாம் மயங்கிவிடவில்லை என்று அவரே எழுதுகிறார்.

தமிழ் நாட்டில் அவதானம் அருகியதற்கு ஒரே காரணம் சொல்வது சரியாகாது. ஆதரித்த சமஸ்தானங்கள் போயின. ஓலைக் காலத்தில் ஞாபகமே புஸ்தகசாலையாக இருந்தது. அச்சு வந்தபின் ஞாபகத்தின் விலை இறங்கிற்று. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அதை இறக்கியவர்களில் அவதானிகளும் உண்டு. பாவலரே சென்னையில் அச்சகப் பணி பார்த்தவர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, திரு. வி. க.வுக்குத் தமிழ் கற்பித்த நா. கதிரைவேற் பிள்ளையும் சதாவதானி. தமிழ்ப் பேரகராதி தொகுத்தவர். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த பெரும் வழக்கில் இவ்விருவரும் எதிரெதிர் அணிகளில் நின்று வாதாடினார்கள். நூறு விஷயங்களில் தடுமாறாத இரண்டு சித்தங்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவதான சபைகளில் பிறந்த பாடல்களில் காலத்தை வென்று நிற்பவை மிகக் குறைவு. சாமர்த்தியம் இருக்கும், சிலேடை இருக்கும், ஓசை பிசகாது. ஆனால் வீட்டுத் திண்ணையில் ஒரு சொல்லுக்காக மூன்று நாள் காத்திருந்த கவிஞனுக்குக் கிடைப்பது சபையில் கிடைப்பதில்லை. அவதானிகளும் இதை அறிந்தவர்களே. கலைத்தாலும் கலையாத மனத்தைச் சபையில் காட்டினார்கள். நிலைத்த நூல்களைத் தனியறையில் எழுதினார்கள்.

என் பன்னிரண்டாம் வயதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முதிய கவனகர் வந்திருந்தார். கல் எறிவதற்குச் சிறுவன் ஒருவன் வேண்டும் என்றார்கள். தமிழாசிரியர் என்னைத் தள்ளிவிட்டார். மைதானத்துச் சரளைக் கற்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவர் பின்னால் நின்றேன். வெள்ளைச் சட்டை, நடுவில் வியர்வைக் கோடு, தோள்பட்டையில் ஒரு சிறு கிழிசலைத் தைத்த நூல். தலைமையாசிரியர் கணக்குக் கொடுக்கிறார், யாரோ மணி அடிக்கிறார், ஈற்றடி வருகிறது, சபை சிரிக்கிறது. நானும் சிரித்துக்கொண்டே கல்லை எறிகிறேன். ஒரு கல் குறி தவறி, சட்டையைத் தொடாமல் தரையில் விழுந்தது.

முடிவில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“தம்பி எறிஞ்சது நாற்பத்தொன்று. என்மேல பட்டது நாற்பது. சரிதானே?”

தமிழாசிரியர் என்னைப் பார்த்தார். சபை முழுவதும் என்னைப் பார்த்தது. எண்ணிக்கொண்டே எறி என்று முதலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டோ பதின்மூன்றோ வரைக்கும் எண்ணிய ஞாபகம். நான் தலையை ஆட்டினேன்.