ஐந்தாம் பிரிவு மாநாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புக்குத் திருத்தங்களை முன்மொழிவதற்காக, மாநிலச் சட்டமன்றங்களின் கோரிக்கையின் பேரில் கூட்டப்பட வேண்டிய மாநாடு. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், அதாவது 50-இல் 34, விண்ணப்பித்தால் காங்கிரஸ் அதைக் கூட்டியே ஆக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு. மாநாட்டின் வேலை முன்மொழிவதோடு சரி. 38 மாநிலங்கள் ஏற்றால்தான் திருத்தம் செல்லும். இப்படியொரு மாநாடு இதுவரை கூடியதே இல்லை. இதுவரை ஏற்கப்பட்ட 27 திருத்தங்களையும் முன்மொழிந்தது காங்கிரஸ்தான்.

1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு உருவானபோது, திருத்தும் அதிகாரம் முழுவதும் காங்கிரஸின் கையில் இருந்தால், அது அத்துமீறும் நாளில் மக்களுக்குப் போக்கிடம் இராது என்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் வாதிட்டார். அதன் பின்னரே இந்த இரண்டாவது வழி இறுதி வடிவம் பெற்றது.

மாநிலங்கள் எப்படிப் பங்கேற்கும் என்பதில்தான் சிக்கல். பேராளர் எத்தனை பேர், அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார், வாக்குகளை எப்படிக் கணக்கிடுவது என்று ஐந்தாம் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. பிலடெல்பியாவில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பாததால் 12 மாநிலங்களோடு கூட்டம் நடந்தது. அந்த வழக்கமே தொடர்ந்தால் கலிஃபோர்னியாவும் வயோமிங்கும் சமம். பெரிய மாநிலங்கள் இதற்கு எளிதில் இசையப்போவதில்லை. அதுவரை மாநிலங்களை இணைத்திருந்த பழைய உடன்படிக்கையைத் திருத்தவென்று பிலடெல்பியாவில் கூடியவர்கள் புதிய அரசியலமைப்பையே எழுதிவிட்ட வரலாறும் அச்சமூட்டுகிறது. அதனால் இந்தியானா 2013-இல், சட்டமன்றத்தின் அறிவுறுத்தலை மீறும் பேராளரின் வாக்கு செல்லாது, மீறுவது குற்றம் என்று முன்கூட்டியே சட்டம் இயற்றியது.

மாநாடு கூடாவிட்டாலும் அதன் மிரட்டல் வேலை செய்திருக்கிறது. செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விண்ணப்பங்கள் குவிந்த பிறகு, 1912-இல் காங்கிரஸ் தானே அந்தத் திருத்தத்தை முன்மொழிந்தது. மறு ஆண்டு அது 17-ஆவது திருத்தமானது. சட்டமன்றத் தொகுதிப் பகிர்வு குறித்து செனட்டர் எவரெட் டர்க்சன் நடத்திய இயக்கம் 1969-இல் 33 மாநிலங்களை எட்டி, ஒன்று குறைந்து நின்றது. வரவுசெலவுச் சமநிலைக் கோரிக்கை 1983-க்குள் 32 மாநிலங்களைத் தொட்டது. பின்னர் சில மாநிலங்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றன. அப்படித் திரும்பப் பெறலாமா, பழைய விண்ணப்பங்கள் காலாவதியாகுமா என்பதிலும் சட்ட அறிஞர்களிடையே ஒத்த கருத்தில்லை.

இவற்றை வரையறுக்க செனட்டர் சாம் எர்வின் கொண்டுவந்த மசோதாவை 1971-இல் செனட் சபை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றவில்லை. மாநாட்டு நடைமுறைக்கென்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இன்றுவரை இல்லை.