அல் அய்ன் கல்லறைகளும் ஒரு தாழி ஓடும்



மகன் வீட்டுக்கு மஸ்கட் வந்து ஒரு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, அல் அய்ன் என்ற ஊருக்குப் போனோம். பாலைவனம் என்றதும் மணல்மேடுகளை நினைத்துவிடாதீர்கள். இங்கே கல்லும் மொட்டை மலையும்தான். சிறு குன்றின் முகட்டில் வரிசையாக 21 கல்லறைகள். பின்னால் ஜெபல் மிஷ்த் மலை. மிஷ்த் என்றால் அரபியில் சீப்பாம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது.

இவை கி.மு. 3000-க்கும் 2000-க்கும் இடைப்பட்டவை. நம் சிந்துவெளி நகரங்கள் எழுந்ததும் அதே ஆயிரமாண்டில்தான். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லை. தட்டையான கற்களை வட்டமாக அடுக்கி, மேலே போகப் போக உள்பக்கம் சற்று நீட்டி, வாயைக் குறுக்கியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தேன்கூடு போலத் தெரியும். வாசல் மிகச் சிறியது. குனிந்துதான் எட்டிப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் உள்ள பாத், அல் குத்ம் ஆகிய இடங்களோடு சேர்த்து, 1988-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த நாட்டு மக்கள் அன்றே செம்பு உருக்கி, மெசபடோமியா வரை அனுப்பியவர்கள்.

கீழே சரிந்து கிடந்த ஒரு கல்லைப் பேரன் கையில் எடுத்தான். "எடுத்த இடத்திலேயே வை" என்றேன். "ஏன் தாத்தா, சாமி குத்தமா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது.

முப்பது வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன், கிணறு வெட்டும்போது கிடைத்ததென்று தடித்த சிவப்புத் தாழி ஓடு ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினான். "சுடுகாட்டுப் பொருளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டு வருவாயா? தூக்கிப் போடு" என்று அதட்டினேன். அழுதுகொண்டே ஓடையில் எறிந்துவிட்டு வந்தான். அன்று மதியம்தான் வரலாற்றுப் பாடம் நடத்தினேன். எகிப்துப் பிரமிடு!

பேரனிடம் சொன்னேன்: "குத்தமெல்லாம் இல்லப்பா. யாரோ தன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அடுக்கிய கல். இருந்த இடத்தில் இருந்தால்தான் அவர்கள் கதை நமக்குத் தெரியும்."

அந்த மாணவன் இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு தம்பி. அன்று நீதான் ஆசிரியர். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நிலத்தில் தாழியோ கல்வட்டமோ கண்டால், தோண்டாதீர்கள், உடைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். பிள்ளைகள் ஏதாவது கொண்டு வந்து காட்டினால், முதலில் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள்.