எல்லாருக்குமான பேருந்து, நம் பங்குப் பணம்: டெல்லி 1982, 2010

2010 ஆகஸ்ட் கடைசியில் மாநிலங்களவையில் ஓர் எண் வெளியே வந்தது: 678.91 கோடி ரூபாய். பட்டியல் சாதி மக்களுக்கென்று டெல்லி அரசு ஒதுக்கிய சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து காமன்வெல்த் போட்டி வேலைகளுக்கு எடுத்துவிடப்பட்ட தொகை அது. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே அவையில் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆவணங்களை வாங்கிய மனித உரிமை அமைப்புகள், 2006-07 முதலான ஐந்து ஆண்டுக் கணக்கைக் கூட்டி 744 கோடி என்று சொல்லியிருந்தன. இரண்டில் எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் விடுதிக்கும் குடியிருப்புக்கும் போக வேண்டிய பணம், பன்னிரண்டு நாள் விளையாட்டுக்குப் போனது.

இதற்குச் சொல்லப்பட்ட சமாதானத்தைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். சாலை போட்டால், நகரத்துக்கு வசதி செய்தால் தலித்துகளும் பயன்படுத்துவார்கள் அல்லவா? டெல்லியில் நூற்றுக்குப் பதினேழு பேர் பட்டியல் சாதியினர், ஆகவே செலவில் ஒரு பங்கை அவர்கள் கணக்கில் எழுதலாம். கேட்க நியாயம் போலவே இருக்கும். "பேருந்து எல்லாருக்கும் பொதுதானே தோழர்" என்று நம் கூட்டங்களிலேயே சிலர் கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்கு டெல்லியின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்லலாம்.

சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் தொடங்கியது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவில் அத்தனை விழுக்காட்டை அவர்களுக்கென்றே தனியாக ஒதுக்க வேண்டும். வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது, செலவாகாமல் காலாவதியாகவும் விடக் கூடாது. ஏன் இப்படி ஒரு விதி? பொதுச் செலவு என்ற பெயரில் போகும் பணம் ஊர்த் தெருவோடு நின்றுவிடும், சேரிக்கு வராது என்று முப்பதாண்டு அனுபவம் கற்றுக்கொடுத்ததால்தான். "பொதுவானதில் உங்களுக்கும் பங்கு உண்டு" என்ற வாதத்தை மறுத்துப் பிறந்த திட்டத்தையே அந்த வாதத்தால் சுரண்டினார்கள்.

இனி 1982க்குப் போவோம். அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டு. அதற்காக மேம்பாலங்கள், அரங்கங்கள், விளையாட்டு வீரர்களுக்கான கிராமம், ஓட்டல்கள் எல்லாம் அவசர அவசரமாக எழுந்தன. சரக்கு வண்டிக்கென்று 1975இல் போட்ட 35 கிலோமீட்டர் சுற்று ரயில் பாதையைப் பயணிகளுக்காக மேம்படுத்தினார்கள். நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அந்த ஆண்டில்தான், அதனால் பலருக்கு ஆசியாட் என்றால் வண்ணம்தான் நினைவில் இருக்கிறது.

மேம்பாலம் கட்டியவர்கள் யார்? ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவிலிருந்து ஜமாதார்கள் அழைத்துவந்த கூலிகள். ஜமாதார் என்றால் நம் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் தலைக்கு ஒரு ரூபாயைக் கங்காணி எடுத்துக்கொண்டார். பெண்களின் கையில் வந்தது 7 ரூபாய். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளும் வேலை செய்தார்கள். மூன்று ஆய்வாளர்கள் நேரில் போய் எடுத்த அறிக்கையை வைத்து, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் என்ற அமைப்பு உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது.

1982 செப்டம்பரில் வந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் முழுசாகப் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது நீதிமன்றம். சவுக்கு தேவையில்லை, பசியே ஒரு மனிதனைக் கட்டாயப்படுத்தப் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒப்பந்தக்காரர்தான் கூலி தருகிறார் என்று சொல்லி அரசு கைகழுவ முடியாது என்றும் சொன்னது.

இங்கே சின்னதாக ஒரு விலகல். 23ஆம் பிரிவு 'பேகார்' என்ற சொல்லைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. தமிழில் அதற்கு நேர்ச் சொல் 'வெட்டி'. இன்று வேலையில்லாதவனைக் கிண்டல் செய்யப் பயன்படும் இந்தச் சொல், சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாமல் செய்தே ஆக வேண்டிய ஊழியத்தைக் குறித்தது. அதே ஊழியம் மராட்டியத்தில் மகார்களின் தலையில் வதன் என்ற பெயரில் இருந்தது. அதை மாற்ற அம்பேத்கர் 1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். டெல்லி மேம்பாலத்தின் அடியில் நின்ற அந்தப் பெண்ணுக்காக நீதிமன்றம் எடுத்த ஆயுதம், அந்த நெடிய போராட்டத்தில் தீட்டப்பட்டது.

28 ஆண்டுகள் கழித்து அதே நகரம், இன்னொரு விளையாட்டு. அதே அமைப்பு மறுபடி நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது, இம்முறை டெல்லி உயர் நீதிமன்றம். நீதிமன்றம் அமைத்த குழு போய்ப் பார்த்தபோது, கூலி விதிகள் மறுபடியும் மீறப்பட்டிருந்தன.

2010க்காகப் போக்குவரத்தில் நடந்தவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். மெட்ரோ பாதைகள் நீண்டன. மத்தியச் செயலகத்திலிருந்து சரிதா விகார் போகும் பாதை போட்டி தொடங்கிய அக்டோபர் 3 அன்றே திறக்கப்பட்டது. தாழ்தளப் பேருந்துகள் வந்தன. வீரர்கள் யமுனைக் கரையிலிருந்து நேரு அரங்குக்குச் சிக்னலில் நிற்காமல் போகப் பாராபுல்லா உயர்சாலை எழுந்தது. விமான நிலைய ரயில் மட்டும் போட்டிக்குள் முடியவில்லை, 2011 பிப்ரவரியில்தான் ஓடியது. அதே யமுனைக் கரையில் முன்பு குடிசை போட்டிருந்தவர்களை 2004இல் பவானா போன்ற நகர விளிம்புகளுக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். வீட்டுவேலை செய்த பெண்களுக்கு அந்தத் தூரமே வேலையைப் பறித்தது.

ஆனால் எங்களை அதிகம் உறுத்துவது ஒரு சின்னப் பாதை. 2008 ஏப்ரலில், அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்கென்று சாலை நடுவே தனித் தடம் திறந்தார்கள். டெல்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் போவதாகத் திட்டம், அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அம்பேத்கர் நகர், தட்சிண்புரி எல்லாம் நகரின் நடுவே குடிசைகளை இடித்துக் கொண்டுவந்து குடியேற்றிய இடங்கள். பெயரிலேயே தெரியும் யார் வாழ்கிறார்கள் என்று. அங்கிருந்து புறப்பட்ட பேருந்து, 1982இன் விளையாட்டுக் கிராமம் எழுந்த சிரி ஃபோர்ட் பக்கமாக, காரில் மட்டும் போகிறவர்களின் வட்டாரங்களைத் தாண்டிப் போனது. காரை விட வேகமாகவும் போனது.

அது பொறுக்கவில்லை. பாதையில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. சிக்னல்கள் சரியில்லை, நடுச்சாலை நிறுத்தத்துக்குக் கடந்துபோவது ஆபத்தாக இருந்தது. ஆனால் தொலைக்காட்சிகளில் நாள்தோறும் ஓடிய கூச்சல் அதைப் பற்றி அல்ல, கார்கள் காத்திருக்கின்றன என்பதைப் பற்றி. பேருந்துத் தடத்தில் கார்களையும் விடக் கேட்டு வழக்கும் போட்டார்கள். 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணாதீர்கள், எத்தனை மனிதர் போகிறார்கள் என்று எண்ணுங்கள் என்ற வாதம் அன்று நின்றது. நீதிமன்றத்தில் வென்ற பாதையை 2016இல் அரசே இடித்துப் போட்டது.

விளையாட்டுக்காகக் கட்டிய உயர்சாலை இன்றும் இருக்கிறது. அம்பேத்கர் நகர்க்காரர்கள் ஏறி இறங்கிய தடம் இல்லை. எல்லாருக்கும் பொது என்று நம் நிதியை எடுத்தவர்கள், நம் தெருவிலிருந்து கிளம்பிய பொதுப் பேருந்துக்கு எட்டு ஆண்டு ஆயுள்தான் கொடுத்தார்கள்.

எடுத்த பணத்தைத் திரும்பச் சேர்ப்பதாக 2010இல் அவையில் உறுதி சொன்னார்கள். ஆனால் வழி அடைபடவில்லை. கர்நாடகம் 2013இல் துணைத் திட்டத்துக்குத் தனிச் சட்டம் போட்டபோது, அதில் 7(டி) என்று ஒரு பிரிவை நுழைத்தது: பொதுக் கட்டமைப்புச் செலவில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கே செய்ததாகக் கருதிக்கொள்ளலாம். டெல்லியில் விதிமீறலாக நடந்ததற்கு அங்கே சட்டமே கதவு திறந்தது. பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

நம் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மாநில பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைப் புத்தகங்களை எடுங்கள், எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு துறையிலும் 789 என்ற சிறுதலைப்பு எண்ணைத் தேடுங்கள். பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு அந்த எண்ணின்கீழ்தான் எழுதப்படும். போக்குவரத்திலும் நெடுஞ்சாலையிலும் விளையாட்டிலும் 789க்கு எதிரே என்ன தொகை இருக்கிறது, அது எந்தத் தெருவில் செலவானது என்று தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். டெல்லிக் கணக்கு வெளியே வந்ததும் பத்து ரூபாய்க் கட்டண மனுக்களால்தான்.