அம்பலும் அலரும் – வாராத காமிராவின் வரலாறு

நிகழ்ந்தவற்றை எழுதுவதே வரலாறு என்பது பொதுவான கொள்கை. ஆயினும், நிகழுமென்று மக்கள் நெடுங்காலம் எதிர்பார்த்திருந்து, நிகழாமலே போனவற்றுக்கும் வரலாற்றில் ஓரிடம் உண்டு. எதிர்பார்ப்பும் ஒருவகைச் செயலே ஆகும். அதன்பொருட்டு மனிதர் பொருளைச் சேமிக்கின்றனர்; வாங்கவேண்டியதை வாங்காது ஒத்திப்போடுகின்றனர்; சில வேளைகளில் தம் தொழிலின் போக்கையே மாற்றிக்கொள்கின்றனர். அத்தகைய எதிர்பார்ப்பு ஒன்றின் வரலாற்றை இங்கு ஆராய்வோம். ஜப்பானிய நிக்கான் கம்பெனி வெளியிடப் போவதாக உலகெங்கும் ஆறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்ட ‘டி-400’ என்னும் காமிராவைப் பற்றியதே அவ்வரலாறு. அப்பெயருடைய காமிரா பிறக்கவே இல்லை என்பதுதான் இதிலுள்ள விந்தை.

மொழிபெயர்ப்பை அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்கு, இத்தகைய பேச்சைக் குறிக்க எச்சொல்லைக் கையாள்வது என்ற ஐயம் முதலில் எழுகின்றது. ‘வதந்தி’ என்றால் அடிப்படையற்ற பேச்சு என்று பொருள்படும். ‘ஊகம்’ என்றாலோ தனியொருவர் மனத்துள் நிகழும் கணிப்பாகிவிடும். நம் அகப்பொருள் இலக்கணம் இவ்வகையில் நமக்குக் கைகொடுக்கின்றது. ஊரார் வெளிப்படச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே இன்னது நிகழ்ந்தது என்று விளங்கச் சொல்வது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர். டி-400 பற்றிய பேச்சும் அம்பலாய் முகிழ்த்து அலராய் விரிந்ததே.

முதலில் அந்தக் கம்பெனியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். நிக்கான், 1917-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் தோக்கியோ நகரில் ‘நிப்பான் கோகாக்கு’ என்னும் பெயரோடு தோன்றியது. அது 1959-இல் வெளியிட்ட ‘நிக்கான் எஃப்’ என்பது ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்புக் காமிரா. எஸ்.எல்.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் இவ்வகைக் காமிராவில், லென்ஸின் வழியே புகும் ஒளி, சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலெழுந்து, பட்டகத்தின் வழியாகப் படம் எடுப்பவரின் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்க, அதே ஒளி பின்னாலுள்ள பிலிம் மீது விழுகின்றது. எனவே, கண் கண்டதும் பிலிம் கண்டதும் ஒரே காட்சியாகும். அக்காமிராவோடு ‘எஃப்’ என்னும் லென்ஸ் பொருத்துவாயும் வந்தது. பின்வந்த அறுபது ஆண்டுகளிலும் நிக்கானின் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் அப்பொருத்துவாயையே கொண்டிருந்தன. ஒருமுறை அந்த லென்ஸுகளை வாங்கியவர் எளிதில் வேறு கம்பெனியை நாடிப் போக முடியாது என்பதை நாம் இங்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

1999-இல் வந்த டி-1 காமிராவில் பிலிமின் இடத்தை ஒளியுணரும் மின்னணுத் தகடு பிடித்தது. அது பதிந்த படப்புள்ளிகள் சற்றேறக்குறைய 27 லட்சமே. பின்னர் 2002-இல் டி-100, 2005-இல் டி-200 எனக் காமிராக்கள் தொடர்ந்தன. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் டி-3, டி-300 என்னும் இரண்டும் ஒருங்கே அறிவிக்கப்பட்டன. டி-3 பெரியது, விலை மிக்கது. பழைய பிலிமின் அளவான 36-க்கு 24 மில்லிமீட்டர்த் தகடு உடையது. டி-300 சிறிய தகடு உடையது. விலையோ சுமார் 1,800 டாலர். ஆயினும் உறுதியான உலோக உடலும், விரைந்து குவியம் காணும் 51 புள்ளிகளும், விநாடிக்கு 6 படங்கள் எடுக்கும் வேகமும் அதற்கு இருந்தன. தொழில்முறைக் காமிராவின் திறம் நடுத்தர விலைக்குள் வந்த நாள் அது எனலாம்.

சிறிய தகடு குறையன்றோ என்று நேயர்கள் வினவலாம். திருமண மண்டபத்தில் நிற்பவருக்கு அது குறையாகலாம். ஏரிக்கரையில் நிற்பவருக்கு அதுவே நிறை. சிறிய தகடு காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பிடிப்பதால், 300 மில்லிமீட்டர் லென்ஸ், பெரிய தகட்டில் 450 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவுக்குப் பொருளை நெருக்கிக் காட்டும். நிக்கானின் 500 மில்லிமீட்டர் லென்ஸு ஒன்றின் எடை நான்கு கிலோவை நெருங்கியது. அதன் விலை காமிராவின் விலையைப்போற் பல மடங்கு. பரத்பூரின் நீர்நிலைகளிலும் காசிரங்காவின் புல்வெளிகளிலும் பறவையையும் விலங்கையும் படம்பிடிப்பவர், எளிய லென்ஸோடும் குறைந்த சுமையோடும் தொலைவை வெல்லத் துணைசெய்தது டி-300. எனவேதான் அதற்கு அடுத்த காமிரா எது என்னும் கேள்வி, வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இல்லாமற் போயிற்று.

2009 ஜூலையில் டி-300எஸ் என்னும் திருத்திய வடிவம் வந்தது. அசையும் படம் எடுக்கும் வசதியும் இரண்டாவது நினைவட்டைக்கு இடமும் அதில் சேர்ந்தன. ஒளியுணர் தகடு மட்டும் பழைய 1 கோடியே 23 லட்சம் புள்ளிகளோடு நின்றது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த டி-7000, தரவரிசையில் ஒரு படி தாழ்ந்தது. எனினும் அதன் தகடு 1 கோடியே 62 லட்சம் புள்ளிகள் உடையது. தம்பியின் கண் அண்ணனின் கண்ணைவிடக் கூர்மை பெற்றுவிட்டது. ஆகவே, அண்ணனுக்கும் புதிய கண் விரைவில் வாய்க்கும் என்று பலர் கருதினர். அம்பல் முகிழ்த்தது இங்குதான்.

அவர்கள் கருதியது காரணமற்றதன்று. நூறு, இருநூறு, முந்நூறு என்று வந்த எண் நானூறு என்று தொடர்வதே முறை. ஒரு கம்பெனி காப்புரிமை கோரி விண்ணப்பித்தால், பெரும்பாலும் பதினெட்டு மாதங்களில் அவ்விண்ணப்பம் ஊரறிய வெளியாகும். அதைத் தேடிப் படித்தவர் உண்டு. கடைகளில் பழைய காமிராவின் இருப்புக் குறைந்தாலும் விலை இறங்கினாலும், அதைப் புதியதன் வருகைக்கு அறிகுறியாகக் கொண்டவர் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் கூடிய போட்டோகினா கண்காட்சியைக் கணக்கிட்டவரும், ஒலிம்பிக் பந்தயங்களுக்கு முன்னரே தலையாய காமிராக்கள் வெளிவரும் வழக்கத்தை நோக்கியவரும் உண்டு.

அவ்வேளையில் இயற்கை குறுக்கிட்டது. 2011 மார்ச் 11-ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தால், செண்டாய்ப் பகுதியிலிருந்த நிக்கான் தொழிற்சாலையில் வேலை சில வாரங்கள் தடைப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தாய்லாந்தில் பெருகிய வெள்ளம், அயூத்தியாவிலுள்ள மற்றொரு தொழிற்சாலையை மூழ்கடித்தது. டி-300எஸ் உருவானது அங்கேதான். இரு பேரிடர்களுக்குப் பின் தாமதத்துக்குக் காரணம் கேட்பார் இல்லை. ‘வெள்ளம் வடிந்தால் வரும்’ என்று ஆர்வலர் தம்மைத் தேற்றிக்கொண்டனர்.

2012 ஜனவரியில் டி-4 வந்தது. டி-3 வந்தபோது டி-300 உடன்வந்ததுபோல, டி-4 உடன் டி-400 வரும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். பிப்ரவரியில் 3 கோடியே 63 லட்சம் புள்ளிகளோடு டி-800 வந்தது. செப்டம்பரில் டி-600 வந்தது. இரண்டும் பெரிய தகடு உடையவை. 2013-இல் வந்த டி-7100 சிறிய தகடு உடையதுதான். 51 குவியப் புள்ளிகளும் அதற்கு இருந்தன. ஆனால் எடுத்த படங்களை அட்டையில் எழுதும்வரை தாங்கிவைக்கும் இடைநினைவகம் அதிற் சிறிது. உயர்தரக் கோப்புகளாகத் தொடர்ந்து எடுத்தால் ஓரிரு விநாடிகளில் வேகம் தளர்ந்துவிடும். மீன்கொத்தி நீரைவிட்டு எழும் வேளையில் காமிரா மூச்சு வாங்கி நின்றால், பறவைக்காரருக்கு அதனால் என்ன பயன்? ‘டி-400 எங்கே?’ என்ற கேள்வி இப்போது வெளிப்படையாகவே எழுந்தது. அம்பல் அலராயிற்று.

இவ்வளவு பேச்சுக்கும் கம்பெனி ஏன் மௌனம் சாதித்தது? புதியது வரும் என்று சொன்னால் பழையதை வாங்குவார் இரார் என்பது வணிகர் அறிந்த உண்மை. இவ்வச்சத்துக்குப் பெயர் தந்தவர் நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவர். ஆடம் ஆஸ்போர்ன் என்னும் ஆங்கிலேயர், இரமண மகரிஷியின் அடியவரான ஆர்தர் ஆஸ்போர்னின் மகனாய்த் திருவண்ணாமலையில் இளமையைக் கழித்தவர். 2003-இல் கொடைக்கானலில் காலமானவர். அமெரிக்காவில் அவர் தொடங்கிய கம்பெனி 1981-இல் தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியை விற்றுப் புகழ்பெற்றது. பின்னர், அடுத்த கணிப்பொறியை அது ஆயத்தமாகும் முன்னரே அவர் பேசிவிட்டதால் விற்பனை நின்று, 1983-இல் கம்பெனி நொடித்தது என்பர். போட்டியாளரின் மலிந்த விலையும் ஒரு காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர் கூறினும், ‘ஆஸ்போர்ன் விளைவு’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

கம்பெனியின் மௌனத்துக்கு விலை கொடுத்தவர் வாங்குவோரே. தில்லிச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரிக் கடைகளிலும், மும்பைக் கோட்டைப் பகுதியின் போரா பஜாரிலும் காமிரா வாங்கப் போகும் எவரும் ‘இன்று வாங்குவதா, பொறுப்பதா?’ என்று தயங்குவது இயல்பே. அதிலும் படம் எடுத்து வயிறு வளர்ப்பவருக்கு அத்தயக்கம் பணமாகவே கழியும். பொறுத்திருந்தவர், தேய்ந்துபோன டி-300 காமிராவைப் பழுதுபார்த்துக் காலம் தள்ளவேண்டியிருந்தது. பொறாதவர், பெரிய தகட்டுக்கும் அதற்கேற்ற பெரிய லென்ஸுக்கும் கடன்பட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் உடன்படாதவர், பழைய லென்ஸுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கேனன் பக்கம் சேரவேண்டியிருந்தது. அங்கும் காத்திருப்பு இருந்தது: 2009-இல் வந்த கேனன் 7-டி காமிராவின் அடுத்த வடிவம் 2014 செப்டம்பரில்தான் வந்தது. ஆயினும் வந்தது என்பதே நிக்கான் அன்பர்களின் ஆற்றாமையை மிகுவித்தது.

இறுதியில், 2016 ஜனவரி 5-ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், எவரும் அநேகமாக எதிர்பாராத வேளையில் அறிவிப்பு வெளியாயிற்று. வந்த காமிராவின் பெயர் டி-500. டி-5 என்னும் பெரிய காமிராவோடு ஒருங்கே அது பிறந்தது. 2 கோடியே 9 லட்சம் படப்புள்ளிகள், 153 குவியப் புள்ளிகள், விநாடிக்கு 10 படங்கள், ஒரே தொடராக 200 படங்களைத் தாங்கும் இடைநினைவகம், விலை சுமார் 2,000 டாலர். ஆர்வலர் ஆறாண்டுகளாக எவற்றை ‘வரும்’ என்று சொன்னார்களோ, அவற்றுட் பெரும்பாலன வந்துவிட்டன. பெயரும் காலமுமே தவறின. பெரியதும் சிறியதும் ஒருங்கே பிறக்கும் என்ற கணக்குங்கூடச் சரியே. ஒரு தலைமுறை பிந்திப் பலித்தது.

ஆனால் அந்த இடைவெளியில் உலகம் மாறிவிட்டது. காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. அதன்பின் கைப்பேசி அச்சந்தையை விழுங்கத் தொடங்கியது. டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வகை 2012-இல் 1 கோடியே 60 லட்சத்தைக் கடந்து உச்சம் தொட்டது. 2020-இல் சுமார் 24 லட்சமாய்ச் சுருங்கி, கண்ணாடியில்லாத புதுவகைக் காமிராக்களுக்குப் பின்னே சென்றது. காத்திருப்போர் குறைந்ததும் கம்பெனிகளின் மௌனமும் கலைந்தது. 2017 ஜூலை 25-இல், தன் நூற்றாண்டு நிறைவு நாளில், டி-850 உருவாகி வருவதாக நிக்கானே முன்கூட்டி அறிவித்தது. 2019-இல் டி-6 பற்றியும் அவ்வாறே அறிவித்தது. ஊரார் பேச்சுக்கு அஞ்சியவர், அப்பேச்சை விரும்பித் தேடும் காலம் வந்தது.

டி-500 காமிராவுக்கும் வாரிசு வரும் என்று சிலர் நோக்கியிருந்தனர், வரவில்லை. 2022-இல் அதன் உற்பத்தி நின்றது. அவ்வாண்டு ஜூலையில், எஸ்.எல்.ஆர். காமிராக்களை உருவாக்குவதிலிருந்து நிக்கான் விலகுகின்றது என்று ஜப்பானிய நாளேடு ஒன்று எழுத, அது ஊகமே என்று கம்பெனி மறுத்தது. வருகையைப் பற்றிய ஊகம் முடிந்து, பிரிவைப் பற்றிய ஊகம் தொடங்கியது என்றுதான் அதைக் கொள்ளவேண்டும்.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? டி-400 பற்றிய பேச்சை வீண்பேச்சு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அதை நுணுகிப் பார்த்தால், முன்னுரைப்பின் உருவில் எழுதப்பட்ட விண்ணப்பமாகவே அது தோன்றுகின்றது. ‘வரும்’ என்று அவர்கள் சொன்ன இடமெல்லாம் ‘வேண்டும்’ என்று திருத்திப் படித்தால் பொருள் விளங்கும். பெரிய காமிராவுக்கு வசதியற்ற, சிறிய காமிராவால் நிறைவுறாத உழைப்பாளர் கூட்டம் ஒன்று, ‘எங்களையும் கணக்கில் வைத்திருக்கிறீர்களா?’ என்று கேட்ட கேள்வி அது. விடை வர ஆறாண்டுகளுக்கு மேலாயிற்று. வந்த விடை நல்லதே, ஆயினும் பிந்தியது. திருக்குறளில் அலர் அறிவுறுத்தலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. ஊரார் பேச்சு காதலைக் கெடுக்காது, வளர்க்கவே செய்யும் என்பது அதன் கருத்து. அலர் கேட்டும் வரைவு நீட்டிக்கும் தலைவனைப் பற்றி நம் இலக்கியம் நிறையப் பேசியிருக்கின்றது. பொருள் செய்வோரும் அதைச் சற்றே கேட்டிருந்தால், பல பறவைகள் படமாகியிருக்கும்.