எண்ணப்படாத படகுகள்

ராயப்பன்பட்டிக்காரனுக்கும் படகுக்கும் அதிக சம்பந்தம் கிடையாது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கால்வாய் என்றால் அது நெல்லுக்கும் வாழைக்கும் போவது. படகு பார்க்க ஆசை வந்தால் மலையேறித் தேக்கடிக்குப் போக வேண்டும். தண்ணீர் மட்டும் எங்களைத் தேடிக் கீழே இறங்கி வருகிறது. படகு மேலேயே நின்றுவிடுகிறது. அதனால்தானோ என்னவோ, ஒரு பட்டணத்தில் ஜனங்கள் நடப்பதையும் படகுகள் போவதையும் எண்ணி, அதிலிருந்து நாளைய நெரிசலை இன்றே சொல்லிவிடும் சாஸ்திரம் ஒன்று இருப்பதாகப் படித்தபோது, எனக்கு அதில் அளவு கடந்த ஆவல் உண்டாயிற்று.

அந்தச் சாஸ்திரத்தின் அரிச்சுவடியைக் கற்க நீங்கள் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவின்போது வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போனால் போதும். கூட்டம் கலைந்திருக்கும்போது அவரவர் நடை அவரவருக்கு. கொஞ்சம் நெருங்கினால் முன்னால் போகிறவரின் நடைதான் நம்முடைய நடை. இன்னும் நெருங்கி, ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேர் நிற்கும்படி ஆகிவிட்டால், பிறகு நடை என்பதே இல்லை. கூட்டம் நம்மைச் சுமந்து போகிறது, அல்லது சுமக்காமல் நசுக்குகிறது. ஆட்கள் கூடக் கூட வழியைக் கடக்கிறவர்களின் எண்ணிக்கையும் ஓர் எல்லைவரை கூடும். அந்த எல்லைக்குப் பிறகு ஆட்கள் கூடுவார்கள், கடக்கிறவர்கள் குறைவார்கள். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டிக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

இந்தக் கணக்கை உலகத்திலேயே அதிகமாகப் போட்டுப் பார்த்த ஊர்களில் ஒன்று இத்தாலியிலுள்ள வெனிஸ். நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள், நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள். தெரு என்று சொல்லப்படுபவற்றில் பாதி தண்ணீர். மீதி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். மோட்டார் வாகனம் உள்ளே நுழைய வழியில்லை. ஆகவே போக்குவரத்து என்றால் அங்கே கால், இல்லாவிட்டால் படகு.

எலியோ கனெஸ்திரெல்லி, பாவ்லோ கோஸ்தா என்ற இருவர் 1991-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஊர் நாள் ஒன்றுக்கு எத்தனை விருந்தாளிகளைத் தாங்கும் என்பது கேள்வி. சுமார் 20,750 பேர் என்று விடை வந்தது. அவர்களில் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் 9,510 பேருக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டவர்களில் ஒருவரான கோஸ்தா, பின்னால் அந்த நகரத்துக்கே மேயரானார். கூட்டம் மட்டும் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. பெரிய கால்வாயின் இரு கரைகளிலும் காமிராக்களை வைத்துப் படகுகளின் வேகத்தை அளந்தார்கள். மோட்டார் படகு கிளப்பும் அலை, வீடுகளின் அஸ்திவாரத்தையே அரித்துவிடுகிறது அல்லவா? 2018-ல் நெரிசல் மிகுந்த நாட்களுக்கென்று தடுப்பு வாயில்கள் வைத்தார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில், பகல் பொழுதுக்கு மட்டும் வருகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணமும் வாங்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவும் செய்து கொண்டிருந்த காலத்திலேயே இன்னொரு காரியமும் நடந்துவிட்டது. 1951-ல் ஏறக்குறைய 1,75,000 பேர் குடியிருந்த பழைய வெனிஸில், 2022-க்குள் 50,000 பேர்கூட மிஞ்சவில்லை. வாசலில் வருகிறவர்களை எண்ணிக் கொண்டிருந்தபோது, கொல்லைப்புறமாக வீட்டுக்காரர்கள் வெளியேறிவிட்டார்கள்! எண்ணுகிறவர்களுக்குத் தெரியாமல் போகவில்லை. ஆனால் போக்குவரத்துக் கணக்கில், இன்று வழியில் இருப்பவனுக்குத்தான் ஒரு கோடு. போய்விட்டவனுக்குக் கோடு ஏது?

இந்தக் கேள்வி மனத்தில் எழுந்தவுடன், எனக்கு நம்முடைய சென்னைப் பட்டணம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு காலத்தில் கால்வாய்ப் பட்டணம்தானே!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூர் வரை படகு போவதற்கென்று ஒரு கால்வாய் வெட்டினார். பிறகு சர்க்கார் அதை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. 1876 முதல் 1878 வரை தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 5 மைல் துண்டு வெட்டப்பட்டது. பசியால் மெலிந்த கைகள் வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. வடக்கே பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை, ஏறக்குறைய 420 கிலோமீட்டர் தூரம் படகுப் பாதை அமைந்தது.

சவுக்கு விறகும் உப்பும் நெல்லும் வைக்கோலும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் அதன் வழியே சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தால் படகுக்காரன் பாய் விரிப்பான். வாய்க்காவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவான். அதுவும் போதாவிட்டால் கரையில் இறங்கித் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு படகை இழுத்தபடியே நடப்பான். அவனை நீங்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? படகிலா, பாதசாரியிலா? நாவல் எழுதுகிறவனுக்கு அந்த ஒரு மனிதன் போதும். நானூறு பக்கம் எழுதிவிடுவான். கணக்கெடுக்கிறவனுக்கோ ஒரு மனிதன் போதவே போதாது. ஆயிரமாகத் திரண்டு வந்தால்தான் அவன் கண்ணுக்கு ஆள் தெரியும்.

ரயிலும் லாரியும் வந்தன. படகுச் சரக்கு குறைந்தது. 1965-லும் 1966-லும் அடித்த புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. சரியாக அந்த 1960-களின் கடைசியில்தான், சென்னையின் போக்குவரத்தை முறையாக ஆராயும் வேலை தொடங்கியது. இத்தகைய ஆராய்ச்சியில் கேட்கப்படும் கேள்விகள் நியாயமானவை. வீடு எங்கே? வேலை எங்கே? எதில் போகிறீர்கள், எத்தனை நேரம் ஆகிறது? விடைகளைக் கூட்டிப் பெருக்கி, இத்தனை வருஷம் கழித்து இந்தத் திசையில் இத்தனை பேர் போவார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1970-களில் ரயில்வே திட்டக்காரர்களும் ஆராய்ந்து, கால்வாயை ஒட்டி ஒரு புது ரயில் பாதை போடலாம் என்றார்கள். காரணம் எளிது. கால்வாய் சர்க்கார் நிலம். வீடுகளை இடிக்க வேண்டியதில்லை. படகும் வராத கால்வாய், கணக்குப் புத்தகத்தில் காலி மனையாகத் தெரிந்தது.

அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற லட்சக்கணக்கானவர்களுக்கு ரயில் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை ஓடியது. 1997-ல் மயிலாப்பூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் போயிற்று. அதன் தூண்கள் பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே காலை ஊன்றிக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், எதிர்பார்த்த கூட்டம் பல வருஷங்கள் அந்த ரயிலுக்கு வரவில்லை. நிலையத்துக்கு நடந்து வர நல்ல பாதையில்லை. இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கு இணைப்பில்லை. ரயிலில் போகிறவனும் முதலில் பாதசாரிதான் என்பதைக் கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி வந்தபோது, நகரத்துக்கு வெளியே அந்தக் கால்வாய் திறந்து கிடந்த இடங்களில், அலைநீரை அது வாங்கிக்கொண்டு வடியவிட்டது. பல கிராமங்களுக்கு அது கவசமாயிற்று. எந்தப் போக்குவரத்து அட்டவணையிலும் இடம் பெறாத உபயோகம் இது. 2008-ல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தில் படகுப் பாதை மீண்டுவிட்டது. மயிலாப்பூரில் தூண்களுக்கிடையே சாக்கடைதான் நகர்கிறது.

எண்ணுவது தவறல்ல. எண்ணாமல் ஊரை ஆள்வது அதைவிடத் தவறு. ஆனால் நாற்சந்தியில் பென்சிலும் காகிதமுமாக உட்காருகிறவர்களிடமும், இன்று காமிராவையும் கைபேசியையும் கொண்டு எண்ணுகிறவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. வழியில் போகிறவர்களை எண்ணி முடித்தபின், கரையோரத்தில் இருக்கும் வயதான ஒருவரிடம், "ஐயா, முன்பு இந்த வழியில் யார் போனார்கள்? ஏன் நின்றுபோனார்கள்?" என்று விசாரியுங்கள். அந்த விடைக்கும் அட்டவணையில் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் தூண் நடலாம்.